மெல்றோய் பேசிய பெட்டி

அத்தியாயம் ஏழு

கொலை செய்தவன்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்க மாட்டான். நான் அழித்தேன். சனிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஒரு கையில் மீன் அடைத்த மாலு பணிஸும் மறு கையில் மவுஸுமாக, ஒரேயொரு அழுத்தலில்.

எங்கள் அலுவலகம் என்பது புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு அறை. வாசலில் 'தட்டச்சு, மொழிபெயர்ப்பு, விசாரணை' என்று பலகை. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பேர்னிஸ் மிஸ், முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதிய, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியப் பெண்மணி. மற்றவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதிப் பழகியவர். மற்றது நான், அவருடைய உதவியாளன் உதயரூபன். என்னத்துக்கு உதவுகிறேன் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜக்குலின் அன்ரி ஒரு பழைய கணினியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். 'நான் வருமட்டும் அதைத் தொடாதே' என்று மிஸ் சொல்லிவிட்டுப் போனார். நான் தொடவில்லை. பேசினேன்.

ஏனென்றால் அது பேச்சைக் கேட்டு எழுதும் கணினி. ஒலிவாங்கி பூட்டிய காதுக்கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினால் திரையில் எழுத்து விழும். திறந்ததும் பாவனையாளர் பட்டியல் வந்தது. ஒரே ஒரு பெயர்: மெல்றோய். நான் மெல்றோய் இல்லை என்பதை மரியாதையாகத் தெரிவித்து, ஊர் ஆரையம்பதி, வயது முப்பத்திரண்டு, இன்னும் கலியாணமாகவில்லை என்று என் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டேன். ஈரச் சீமெந்து, பாராளுமன்றத்து ஆடு, ஏழு விதவைகள் என்று அது எழுதியது. என் ஆங்கில வாத்தியார்கூட என்னை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை. மூடும்போது, குரல் கோப்பில் வந்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று பணிவாகக் கேட்டது. பணிவாகக் கேட்பவர்களுக்கு நான் இல்லை என்று சொல்வதில்லை.

மிஸ் வந்தார். கண்ணாடியை மாட்டினார். குரல் கோப்பின் திகதியைப் பார்த்தார். 2010 ஆவணி, இன்றைய திகதி, எட்டு மணி பதினைந்து நிமிடம்.

"இதில ஒரு திகதி இருந்தது, ரூபன்," என்றார். "அதைப் பாக்கத்தான் நான் வந்த."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் பணிஸை எடுத்துப் பாதியைக் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு சன்னலுக்குப் போய் நின்றார்.

அந்தத் திகதியில் என்ன தொங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜக்குலின் அன்ரியின் புருசன் மெல்றோய் ஒரு காலத்தில் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலின் வாசித்தவர். தொண்ணூறில் ஷெல் விழுந்து வலக்கை விரல்கள் போயின. பிறகு கல்குடாவில் ஒரு நிவாரண அமைப்பில் மொழிபெயர்ப்பாளர் வேலை. எழுத முடியாத ஆளுக்கு அந்த அமைப்பு இந்தக் கணினியைக் கொடுத்தது. கடிதம் என்றால் வாயால் சொல்லி, அச்சடித்து, கையெழுத்துப் போடாமலே அனுப்புவார். 2004 மார்கழி இருபத்தாறு காலை அவர் கல்குடாவில் இருந்தார். கடல் வந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஆனால் அடுத்த தை மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், அச்சடித்து, கையெழுத்தில்லாமல், கொழும்பு முத்திரையோடு. உயிரோடு இருக்கிறேன், ஊருக்கு வந்தால் என்னைப் பிடித்துவிடுவார்கள், சண்டை முடியட்டும், தேடாதே. நாலேகால் வருடத்தில் இருபத்திரண்டு கடிதம். கடைசிக் கடிதம் 2009 சித்திரையில். வைகாசியில் சண்டை முடிந்தது. ஜக்குலின் அன்ரி வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கட்டிலுக்கு மெத்தை வாங்கிக் காத்திருந்தார். ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பதினைந்து மாதம் போய்விட்டது.

இப்போது மகள் கிம் மெல்பேர்னுக்குக் கூப்பிடுகிறாள். திங்கட்கிழமை கொழும்பில் விசா நேர்முகம். படிவத்தில் ஒரு கட்டம்: கணவர் உயிருடன் உள்ளாரா? சுனாமியில் போனவர் என்று மரணப் பத்திரம் எடுத்துக் காட்டினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

"எனக்குக் கடிதம் எழுதின மனுசனை நான் எப்பிடிச் செத்த ஆளெண்டு எழுதுற?"

கடிதங்களைக் காட்டினார். ஓரங்கள் தொட்டுத் தொட்டுக் கறுத்திருந்தன. கூடவே, கொஞ்சம் வெட்கத்தோடு, 'கடல் வந்த பிறகுதான் அவருக்கு என்னோட கதைக்கத் தெரிஞ்சது' என்றும் சொன்னார். முன்பெல்லாம் சாமான் பட்டியல் மாதிரித்தான் எழுதுவாராம். அலை அடித்துத் திருந்திய புருசன் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று நான் பகிடி விட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பகிடியை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

கணினிக்கு வருவோம். போன கிழமைதான் அது வெளிப்பட்டது. தாண்டவன்வெளி தச்சர் எல்மோ, மெல்றோயின் பால்ய சிநேகிதர், மரக்கொட்டிலைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததென்று கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு மேசை செய்யச் சொல்லிக் கடல் வருவதற்கு முதல் கிழமை மெல்றோய் தன்னிடம் விட்டுப் போனாராம்.

ஆக, கேள்வி சின்னது. குரல் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது 2004 மார்கழியில் என்றால் கணினிப் பெட்டி அன்றிலிருந்து தூங்கியிருக்கிறது. கடிதங்கள் வேறெங்கிருந்தோ வந்தவை. மெல்றோய் உயிரோடு இருக்கலாம். திகதி அதற்குப் பிந்தியது என்றால் இந்த ஊருக்குள்ளேயே யாரோ இதன்முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் அந்தக் கோப்பில் இத்தனை காலம் பத்திரமாக இருந்தது. நான் அன்று காலை நேரத்தோடு அலுவலகத்துக்கு வந்தேன்.

ஞாயிறு இரவு பஸ்ஸில் ஜக்குலின் அன்ரி கொழும்பு போகிறார். அதற்கு முதல் நாலு மணிக்குப் பதில் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். எங்களிடம் ஒன்றரை நாள் இருந்தது.

பெட்டி யார் பேசினார்கள் என்று சொல்லாதா என்று மிஸ்ஸைக் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லும் சாதியில்லை. மருந்துக்கடை முகைதீன்பாவா நானா எங்கள் டொக்டரின் கையெழுத்தை எப்படி வாசிக்கிறார் என்று திருப்பிக் கேட்டார்.

பழக்கம் என்றேன்.

பழக்கம் பாதி, என்றார் மிஸ். அந்தக் கிறுக்கலின் வளைவு நெளிவு நானாவுக்குத் தெரியும். மீதிப் பாதி ஊகம். காய்ச்சல்காரனின் துண்டில் இந்த மருந்துக்குப் பக்கத்தில் எது வரும், எது வராது என்று தெரியும். பெட்டியும் அப்படித்தான். காதில் விழும் சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, இது எந்த எழுத்தின் ஓசை என்று பார்க்கும். பிறகு, இந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வழக்கம் என்று ஊகிக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் குரல் வேறு. அதனால் புதிதாக வருபவர் முதலில் அரை மணித்தியாலம் பெட்டிக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு பேசப் பேச, பிழையைத் திருத்தத் திருத்த, அந்த ஆளின் வாய்க்கு அது பழகிவிடும். வேறு ஆள் பேசினால் தடுமாறும்.

"யார் பேசினதெண்டு அதுக்குத் தெரியாது. என்ன பேசினதெண்டுதான் தேடும். ஆனா ஆருக்குப் பழகியிருக்குதெண்டு நாம பாக்கலாம்," என்றார். "ஒருத்தன் அரை மணித்தியாலம் கத்தினதால நானாவுக்கு டொக்டர்ர எழுத்து மறந்திடாது. நீ திகதியைத்தான் அழிச்ச. பழக்கத்தை அழிக்கல்ல."

அன்று காலை எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

பத்து மணிக்கு எல்மோவின் பட்டறையில் இருந்தோம். ஐம்பத்தைந்து வயது, தாடியில் மரத்தூள், பேச்சில் மரத்தூள் அளவுக்கும் விசயம் இல்லாத மனிதர். எங்கள் ஊரில் இது நோயல்ல, வைத்தியம். முப்பது வருடமாக யார், எங்கே, ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் தோளில் துவக்கோடு வந்து கேட்டவர்கள். நேரான பதில் சொன்ன வாய்கள் சில திரும்பி வரவில்லை. அதனால் நாங்கள் 'தெரியா' என்றும் 'பார்ப்பம்' என்றும் பேசப் பழகினோம். எனக்கும் ஓர் அண்ணன் இருந்தார். தொண்ணூறில் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப் போனார்கள். யார் என்று இன்றுவரை யாரும் எனக்கு நேராகச் சொன்னதில்லை. சரி, அது வேறு அத்தியாயம்.

பட்டறைச் சுவரில் சாத்தியிருந்த கதவு, யன்னல் எல்லாவற்றிலும் பென்சில் படங்கள். ஒன்றில் மணி, ஒன்றில் இறால், ஒன்றில் மூக்குக்கண்ணாடி. என்னவென்று கேட்டேன். வாடிக்கையாளர்களாம். மணி பள்ளிக்கூட அதிபர், இறால் பனிச்சங்கேணி முதலாளி, மூக்குக்கண்ணாடி சாட்சாத் எங்கள் மிஸ். பெயர் எழுதினால் என்ன என்றேன்.

"வாசிப்பன், தம்பி. எழுத வராது. பேனையப் பிடிச்சா எழுத்தெல்லாம் கலைஞ்சு போயிரும்."

வீட்டில் பேசும் ஆங்கிலம் சரளமாக வரும், கோயிலில் பாட்டுப் புத்தகம் வாசிப்பார், ஆனால் தன் பெயரை எழுதக் கால் மணித்தியாலம் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயமாம். நான் மனதுக்குள் சந்தேகப் பட்டியலை எடுத்து எல்மோவின் பெயரை வெட்டினேன். எழுதவே தெரியாத மனிதர் இருபத்திரண்டு கடிதத்தை என்ன, உளியால் செதுக்கினாரா?

மிஸ் விசாரிக்கவே இல்லை. அந்தக் கணினிக்கு மெல்றோய் சொன்ன மேசையை முடித்துத் தர முடியுமா என்றார். எல்மோ கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். பிறகு மூலையில் தூசி படிந்து கிடந்த அரைகுறை மேசையை இழுத்து வந்தார். அளவைக் குறிக்க யாராவது வேண்டும் என்று கொப்பியை என்னிடம் நீட்டினார். வழக்கமாக வாடிக்கையாளர்தான் எழுதுவாராம்.

தச்சு அளவுகளை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். நீளம் நாற்பத்திரண்டரை, கொமா. அகலம் இருபத்து நாலு, கொமா. உயரம் இருபத்தெட்டு, புல்ஸ்டொப். நியூ லைன். கொப்பியில் கொமாவுக்குக் கொமா என்றே எழுதினேன், நியூ லைனுக்கும் அப்படியே. என்னைக் கந்தோர்க் கிளாக்கர் என்று நினைத்து நக்கல் பண்ணுகிறார் போலும், நாமும் நக்கலாகவே எழுதிக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள், பாவம், எழுத வராத மனிதர், பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன் என்று மிஸ்ஸுக்கு அறிவித்தேன். அவர் கொப்பித் தாளைக் கேட்டார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் மேசையோடு அலுவலகத்துக்கு வரச் சொல்லு என்றார்.

ஏன் என்றேன். வெயில் அதிகமாக இருக்கிறது என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்மோ வந்தார். மேசை அழகாக இருந்தது. மெல்றோயின் இடக்கைக்கு வசதியாக ஓர் அடுக்கு, காதுக்கருவி கொளுவ ஒரு கொக்கி. ஆறு வருடத்துக்கு முன் சொன்னதெல்லாம் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. கணினியை அதன்மேல் தூக்கி வைத்தோம். மிஸ் அதை இயக்கி, மெல்றோய் என்ற பெயரை அழுத்தி, முதலில் தானே பேசினார். பிரிட்டிஷ் ராணியே பொறாமைப்படும் ஆங்கிலம், திரையில் குப்பை. பிறகு காதுக்கருவியை எல்மோவிடம் நீட்டி, நேற்றுச் சொன்ன அளவுகளை இன்னொரு முறை சொல்ல முடியுமா என்றார்.

எல்மோ அதை வாங்கவில்லை. கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு வாங்கி, மாட்டி, ஒலிவாங்கியை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்கு இழுத்து வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

சொன்னார். ஒரு சொல் பிசகாமல், ஒவ்வொரு கொமாவும் அதனதன் இடத்தில், வரி முடிந்ததும் புது வரியில், திரையில் சுத்தமாக விழுந்தது. வேறு வீட்டுக்குப் போன இடத்தில் பின்னாலேயே வந்துவிட்ட தன் நாயைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

நேற்றைய தாள் மடி கலையாமல் மேசைக்கு வந்தது. மனிதர்களிடம் யாரும் கொமா சொல்வதில்லை என்றார் மிஸ். முப்பது வருடத்தில் அவருக்குச் சொல்லி எழுதுவித்த துரைமார் எவரும் நியூ லைன் என்று சொன்னதில்லை. சுருக்கெழுத்துக்காரிக்கு அது தானாகத் தெரியும். பெட்டிக்குத்தான் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகச் சொன்ன வாய், ஆள் மாறினாலும் சொல்லும்.

என் மண்டைக்குள் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. எழுதத் தெரியாது என்பதற்காக நான் வெட்டிய பெயர். எழுதத் தெரிந்தவனுக்கு இந்தப் பெட்டி எதற்கு? ஒரு பேனை போதுமே.

எல்மோ கதிரையில் உட்கார்ந்தார். காதுக்கருவியைக் கழற்ற மறந்துவிட்டார். மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார். கடல் வந்து ஒரு கிழமையாக ஜக்குலின் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. மெல்றோய் இல்லையென்று யாராவது சொன்னால் வாவிக்குள் இறங்கிவிடுவேன் என்று எல்மோவின் கையைப் பிடித்துச் சொன்னாராம். பட்டறையில் பெட்டி இருந்தது, கூடவே அச்சடிக்கும் இயந்திரமும். மெல்றோயின் பெயரிலேயே தன் குரலை வாசித்துப் பழக்கினார். முதல் கடிதத்தைக் கொழும்புக்கு மீன் ஏற்றும் சரீப் நானாவின் லொறியில் கொடுத்து அங்கே தபாலில் போடுவித்தார். அடுத்த கிழமை போனபோது ஜக்குலின் புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டோட நிப்பாட்டத்தான் நினைச்ச," என்றார். "அவ சாப்பிட்டாவே. பிறகு எப்பிடி நிப்பாட்டுற?"

சண்டை இருக்கும்வரை சாட்டு இருந்தது. வர ஏலாது என்று எழுதலாம். சண்டை முடிந்ததென்று றேடியோ சொன்ன அன்று ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி இருந்தார்கள். எல்மோ பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்திருக்கிறார். இனி மெல்றோய் வராமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அத்தோடு கடிதத்தை நிறுத்தியவர், ஜக்குலின் வெளிநாடு போகிறார் என்றதும், புருசனின் சாமான் அவவிடமே இருக்கட்டும் என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் மெல்றோய் எங்கே என்று கேட்டேன். அது பழைய கதை, தம்பி என்றார். மறுபடி கேட்டேன். கல்குடாப் பக்கம் அப்போது எல்லாம் ஒரே குழப்பம் என்றார். தெரியா, பார்ப்பம் என்ற எங்கள் ஊர்ப் பல்லவி. பிறகு திடீரென்று நிமிர்ந்து, ஒரு வழி இருக்கிறது என்றார். கடைசியாக ஒரு கடிதம். எனக்கு இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, நீ மகளோடு போ, என்னை மற என்று. அவ கோபத்தில் படிவத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுவா. ஒரு ஐந்து நிமிட வேலை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கோபம் துக்கத்தைவிட இலேசு. விமானத்தில் கொண்டுபோகலாம். மிஸ்ஸைப் பார்த்தேன்.

"நல்ல கடிதம்தான்," என்றார் மிஸ். "உன்ட அண்ணனைப் பத்தி உனக்கு அப்பிடி ஒண்டு வந்தா, ரூபன்?"

மேசையில் கிடந்த வெற்றுத் தாள்களை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மணி மூன்று ஐம்பது. படியில் செருப்புச் சத்தம். ஜக்குலின் அன்ரி பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டார். தோளில் பஸ் பயணப் பை, கையில் மஞ்சள் உறைக்குள் படிவம். வாசலில் நின்றவரின் கண் முதலில் எல்மோவின் தலையில் இருந்த காதுக்கருவிக்குப் போனது. பிறகு திரைக்கு. அதில் நாற்பத்திரண்டரை அங்குலமும் கொமாவும், அதன் கீழே, எல்மோ தமிழில் சொன்னதையெல்லாம் ஆங்கிலமாக்கப் பார்த்துத் தோற்றுப்போன பத்து வரிக் குப்பையும் கிடந்தன. அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இருபத்திரண்டுமா, எல்மோ?" என்று மட்டும் கேட்டார்.

எல்மோ தலையசைத்தார். அவர் கை தன்பாட்டில் ஒலிவாங்கியைத் தேடிப் போனது. அந்த மனிதருக்கு ஜக்குலினோடு பேச இருந்த ஒரே வழி அதுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் முன்னால் போய் காதுக்கருவியைக் கழற்றினேன். மேசைக்கு அவரே செய்திருந்த கொக்கியில் கொளுவினேன். இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் துவக்கில்லாமல் கேட்க வேண்டும்.

"எல்மோ அண்ணன், மெல்றோய் எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பதிலை எனக்குச் சொல்லிக்கொண்டே, கண்ணை ஜக்குலின் அன்ரியிடம் கொண்டுபோனார்.

"கல்குடாவில, தம்பி. சேர்ச்சுக்குப் பின்னால, சவுக்கு மரத்தோட. மூணாம் நாள் கண்டெடுத்து, நான் செஞ்ச பெட்டியில வச்சு, என்ட கையாலதான் குழி வெட்டித் தாட்ட. குருசும் நான்தான் நட்ட. பேர் போடல்ல, எனக்கு எழுத வராதே. ஒரு வயலின் செதுக்கியிருக்கன். போனா கண்டுபிடிக்கலாம்."